துளையில்லாத க்ரூயேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சென்ற இதழின் சமையல் பக்கத்தில் ‘பெரிய துளைகள் கொண்ட மஞ்சள் நிற க்ரூயேர் சீஸ்’ என்று படத்துடன் வந்திருக்கிறது. சுவிஸ் க்ரூயேரில் துளையே அரிது. இருந்தாலும் பட்டாணி அளவுதான். படத்தில் இருப்பது எமென்டால் என்ற வேறொரு சுவிஸ் சீஸ், பெரிய துளைகள் அதற்குத்தான். தாங்கள் அறியாததா? அவசரத்தில் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே படித்தேன். பாண் துண்டைத் தோய்த்துத் தின்னும் உருகிய சீஸான ஃபொண்டு செய்ய ‘ஸ்லைஸ் சீஸ் போதும், கெட்டிப்பட மைதாவும் பாலும் சேர்க்கலாம்’ என்று இருந்தது. தாராளமாகச் சேர்க்கலாம், சுவரொட்டி ஒட்ட உதவும்.

நான் ஃபிரிபோர்க் மாநிலத்து உணவகக் குசினிகளில் பல காலம் வேலை செய்தவன். க்ரூயேரின் சொந்த மண் இது. ஏறத்தாழ 400 லிட்டர் காய்ச்சாத பாலில் 35 கிலோ சீஸ் வட்டு ஒன்று கிடைக்கும். அதுவும் குறைந்தது 5 மாதம் பழுக்க வேண்டும். ஃபொண்டுவுக்கு அதில் பாதி, வஷ்ரான் என்ற இந்த மாநிலத்து மென்மையான சீஸ் பாதி. சட்டியில் பூண்டைத் தேய்த்து வெள்ளை வைன் ஊற்ற வேண்டும். அந்தப் புளிப்பு இருந்தால்தான் சீஸ் கட்டிபடாமல் இளகும். வஷ்ரானை மட்டும் போடுகிறவர்கள் வைனுக்குப் பதில் தண்ணீர் விட்டு, கொதிக்கவிடாமல் இளக்குவார்கள். வைன் தொடாத தங்கள் வாசகர்களுக்கு அதையாவது சொல்லியிருக்கலாம். பாண் துண்டால் வழித்துத் தின்றபின் அடியில் மிஞ்சும் பொருக்குக்கு மேசையில் நடக்கும் சண்டையைத் தங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உருளைக்கிழங்கு, மக்ரோனி, கீரையோடு இதே க்ரூயேரைப் போட்டு மலைக்குடில்களில் காய்ச்சும் சூப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இது முதல் தடவையுமல்ல. சீஸை உருக்கிச் சுரண்டிப் பரிமாறும் வலே மாநிலத்து ரக்லெட்டை முன்பு பிரான்ஸ் உணவு என்று போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் கிணற்றில் போட்ட கல். சுவிஸ் என்றாலே தங்களுக்குப் பனிமலையும் கைக்கடிகாரமும்தான். அகதியாக வந்து, இந்நாட்டு உணவகங்களில் தட்டுக் கழுவி, பிறகு அதே குசினியில் ஃபொண்டு கிளறிய ஈழத்தமிழர் எத்தனையோ பேர் இருக்கிறோம். எங்களில் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டிருந்தால் போதாதா? நிபுணர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள் போலும்.

அடுத்த இதழில் படத்தின் கீழ் ‘எமென்டால்’ என்று திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம். என்னுடையது கன்னி, எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டும் வாசகன்,
ஃபிரிபோர்க், சுவிட்சர்லாந்து