கலாவுக்கு: அந்த 25 கேள்விகள் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் போடாததற்கு வழக்கமான சாக்குதான், விடு. அம்மாவின் முட்டிவலி எப்படி? மேட்ரன் இன்னும் அதே சாவிக்கொத்தோடுதான் வலம் வருகிறார்களா?

தாய்–சேய் பிணைப்பில் வரும் சிக்கலை பிரசவ வார்டில் அளக்கப் போகிறாய் என்று படித்ததும் குதித்தேன். அடுத்த வரியிலேயே "மூன்றாம் நாள், டிஸ்சார்ஜுக்கு முன்" என்று எழுதி வைத்திருக்கிறாயே, ராட்சசி!

நீ எடுத்திருப்பது பிராக்கிங்டன் குழுவின் 2001 படிவம், தாயே நிரப்பும் 25 கேள்விகள். "குழந்தை சிரித்தால் எனக்குச் சந்தோஷம்", "அதோடு விளையாடப் பிடிக்கும்" என்றெல்லாம் அதில் வரும். முகம் பார்த்துச் சிரிக்கவே ஆறு வாரம் போல ஆகும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் எதை டிக் அடிப்பாள்? போதாக்குறைக்கு, பாசம் தாமதமாக வருவது சாதாரணம். 1980-இல் ராப்சனும் குமாரும் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரசவத் தாய்மாரில் 40 சதவீதம் பேர், முதன்முதலில் குழந்தையைக் கையில் வாங்கியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்றார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் அது மாறிவிட்டது. மூன்றாம் நாளில் வலை வீசினால் இவர்களும் மாட்டுவார்கள். வீட்டில் "பெற்ற பிள்ளை மேல் பாசமில்லாதவள்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரத்திலேயே ஏதாவது செய்தாக வேண்டுமென்றால் 2005-இல் டெய்லர் குழு கொண்டுவந்த சின்ன அளவுகோல் இருக்கிறது: பாசம், வெறுப்பு, ஏமாற்றம், எதுவும் தோன்றாமை முதலிய எட்டே உணர்வுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. அதைக் கொடு. 25 கேள்வியை ஆறாம் வாரத் தடுப்பூசி நாளுக்குத் தள்ளிவை. ஊசி போடுமுன் நிரப்பச் சொல். போட்ட பிறகு குழந்தை வீறிடும். அவள் மனம் அதிலேயே இருக்கும்.

கூட வரும் பாட்டியை எடை பார்க்கும் இடத்துக்கு அனுப்பிவிடு. மாமியாரோ அம்மாவோ தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் எல்லாமே "எப்போதும் பாசம்தான்" என்று வரும். படிக்கத் தெரியாதவளுக்கு நீ வாசித்தால் முகத்தை மாற்றாமல் வாசி. (உன்னால் முடியாது. ராணியக்காவை வாசிக்கச் சொல்.) "உலகிலேயே என் குழந்தைதான் அழகு" என்ற வரியில் திருஷ்டிக்குப் பயந்து பலர் பின்வாங்கலாம், சிக்கலைக் காட்டும் மதிப்பெண் அங்கே மட்டும் ஏறினால் பதறாதே.

கூட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 25 கேள்விப் படிவத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 5. "நெருக்கமாக உணர்கிறேன்" போன்ற நல்ல கூற்றுக்கு "எப்போதும்" என்றால் 0. "கோபம் வருகிறது" என்பதற்கு "எப்போதும்" என்றால் 5. ஒரே திசையில் கூட்டினால் கொஞ்சிக் கொஞ்சி வளர்ப்பவள் நோயாளி ஆகிவிடுவாள். எந்தக் கூற்றுக்கு எந்தத் திசையில் மதிப்பெண் என்று காட்டும் தாளைத் தனியாக வைத்துக்கொள்.

இப்போது முக்கியமானது. மொத்தத்தை மட்டும் பார்க்காதே. உள்ளே நான்கு பிரிவுகள்: பொதுவான பிணைப்புக் குறை 12 கேள்வி, நிராகரிப்பும் கோபமும் 7, பராமரிப்பு பற்றிய பதற்றம் 4, துன்புறுத்தும் அபாயம் 2. 2001-இல் வைத்த எல்லைகள் முறையே 12, 17, 10, 3; அதைத் தொட்டால் கவனிக்க வேண்டும். மொத்தத்துக்குப் பலரும் 26 என்று வைக்கிறார்கள். ஒருத்திக்குக் கோபப் பிரிவில் 18, மற்றவற்றில் 5 என்று வைத்துக்கொள். மொத்தம் 23. "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவாய்! உடனே உட்கார்ந்து பேச வேண்டியவள் அவள்தான். அதே படிவத்தின் 2006 மறுசோதனையில் முதல் பிரிவு நன்றாக வேலை செய்தது, பதற்றப் பிரிவு திருப்தி தரவில்லை. துன்புறுத்தும் அபாயப் பிரிவின் இரண்டு கேள்விகளில் மாட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களில் பெரிய ஆபத்தில் இருந்தவர்கள் உண்டு. அந்த இரண்டில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே தனியே கேள்.

கேட்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார். "குழந்தையைக் காயப்படுத்திவிடுவேனோ" என்று வேண்டாத எண்ணம் வந்து, அதற்கே நடுங்கிக் கத்தியை ஒளித்து வைப்பவள் வேறு. அழுகைக்கு ஆத்திரப்பட்டு உலுக்கப் போனவள் வேறு. முதலாமவளிடமிருந்து குழந்தையைப் பிரித்தால் அவள் பயம்தான் வளரும். இரண்டாமவளைக் குழந்தையோடு தனியே விடக்கூடாது.

எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் போதாதா என்று டாக்டர் கேட்பார். அதன் பத்துக் கேள்வியில் குழந்தையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மனச்சோர்வு இருந்தும் குழந்தையிடம் உயிராக இருப்பவர்கள் உண்டு. சோர்வே இல்லாமல் குழந்தையை வேண்டாதவர்களும் உண்டு. இரண்டையும் கொடு.

மதிப்பெண் நோயறிதல் ஆகாது; நேர்காணல் கட்டாயம். அதை யார் செய்வது, எந்த நாளில், யாருடைய அறையில் என்று முடிவாகாமல் ஒரு தாளைக்கூட விநியோகிக்காதே. கடுமையானவர்களைத் தாயும் சேயும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. யார் வழியாக அனுப்புவது என்று இப்போதே விசாரித்து வை.

அச்சுக்குப் போகுமுன் தமிழ்ப் படிவத்தில் ஒரு பிரதி அனுப்பு. ராணியக்கா ரிடையர்மெண்டுக்கு நீ எவ்வளவு போடுகிறாய் என்றும் எழுது. போன தடவை மாதிரி என் தலையில் கட்டாதே.

அன்புடன்,
சாந்தி