நான்காம் குறுக்குத் தெருவில் சாமான் சுமக்கும் நாட்டாமை அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

பார்வையற்ற எங்கள் ஐயா இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் கட்டு இருக்கிறது, குரலில் பழைய குறும்பும் இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டைக் கடைத்தெருவில் அவருக்குக் கையில் அடிபட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

1990 என்ற அவசர இலக்கத்து அம்புலன்ஸில் வந்தவர்கள், வார்டில் இருந்த தாதிமார், ஸ்டூல் போட்டுப் பிளேன்டீ கொடுத்த கடைக்காரர், வெள்ளவத்தையிலிருந்து நேரம் தவறாமல் சாப்பாடு அனுப்பிய வீட்டார், பார்வையற்றவர்களுக்குப் போனில் வழிசொல்லும் எங்கள் செயலியின் வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

அந்த நாட்டாமை அண்ணையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

லொறிகள் அடைத்து நின்றதால் அம்புலன்ஸ் உள்ளே வரமுடியவில்லை. பிரதான வீதி வரை நடந்தே போகவேண்டும். உதவ வந்தவர்கள் ஆளாளுக்கு ஐயாவின் தோளையும் நோகிற கையையும் பிடித்து இழுத்தார்கள். நல்ல மனசுதான், பாவம். இவர் மட்டும் கைவண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, "ஐயா, என்ட முழங்கையைப் பிடிச்சுக்கொள்ளுங்க, நான் முன்னுக்குப் போறன்" என்றார். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே இதுதான்: அவரைப் பிடிக்காதே, உன் முழங்கையைப் பிடிக்கக் கொடு, அரை எட்டு முன்னால் நட. இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

நான் பையோடு பின்னால் போனேன். அவர் வாய் ஓயவில்லை. "இப்ப செத்தல் மிளகாய் மணம் வரும். அது முடிய ஒரு வடிகான் மூடி ஆடும், மெதுவா. லொறிப் பலகை நெஞ்சளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கு, இந்தப் பக்கம் சாயுங்க." வெள்ளைப் பிரம்பு நிலத்தைத்தான் தடவும், நெஞ்சளவில் நிற்பது அதற்கு அகப்படாது. எங்கள் செயலிக்கும் அகப்படாது. திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவில் பிசகும். மாடிக் கட்டடங்கள் நெருக்கும் தெருவில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து இன்னும் குழப்பும். ஐயாவின் சட்டைப்பையில் இருந்த போன் பிரதான வீதி வரும்வரை "வந்த வழியே திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நினைத்துத்தான் இன்று காலை அவர் சிரித்தார்.

சரி, அடுத்த பதிப்பில் மீட்டர் கணக்கை மட்டும் நம்பப்போவதில்லை. தெருத் தெருவாகப் போய், அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவுசெய்து, மணத்தையும் சத்தத்தையும் ஆடுகிற மூடியையும் வழியோடு சேர்ப்போம். லொறிப் பலகையை வரைபடத்தில் போடமுடியாதுதான், ஆனால் எந்த நேரத்தில் சாமான் இறக்குவார்கள் என்றாவது சொல்லலாமே. பணம் எங்கே என்று இப்போதைக்கு யாரும் கேட்காதீர்கள்.

அண்ணை, பெயர் கேட்டதற்கு "லோட் நிக்குது" என்று போய்விட்டீர்கள். வாசிக்கிறவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். முதல் பதிவு அவருடைய குரலில்தான் என்று ஐயா ஒற்றைக்காலில் நிற்கிறார்.