உங்கள் சிமுலேஷனில் மட்டும் கிரிட் அசைவதே இல்லை

மின்பொறியியல் துறைகளின் ஆய்வு நெறியாளர்களுக்கும், ஆய்வேடுகளை மதிப்பிடும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

சூரிய மின்சாரம் பற்றிய ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் படம் ஒன்று உண்டு. இடது பக்கம் சோலார் பேனல், நடுவில் கன்வெர்ட்டர், அதையடுத்து இன்வெர்ட்டர், வலது ஓரத்தில் ‘கிரிட்’, அதாவது மின்தொகுப்பு, என்று எழுதிய சின்ன வட்டம். அந்த வட்டத்தின் மின்னழுத்தம் எது நடந்தாலும் அசையாது. அதிர்வெண் நூல் பிடித்தாற்போல் நிற்கும். மாணவரின் உழைப்பெல்லாம் படத்தின் இடது பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த மடல் வலது ஓரத்து வட்டத்தைப் பற்றியது.

பேனலிலிருந்து அதிகபட்சத் திறனைக் கறக்கும் எம்பிபிடி உத்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் உள்ள நல்ல இன்வெர்ட்டர்கள் சீரான வெயிலில் அந்தத் திறனில் 99 சதவீதத்தை எப்போதோ தொட்டுவிட்டன. ஆனாலும் எறும்பு, ஓநாய், திமிங்கிலம் என்று ஒரு விலங்குக் காட்சிசாலையே அல்காரிதங்களாக வந்துகொண்டிருக்கிறது. பேனலில் பாதி நிழல் விழும் நிலைமையில் இவற்றுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மின்தொகுப்பு தடுமாறியபோதெல்லாம் சிக்கல் வேறு இடத்தில்தான் இருந்தது.

2016 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்தடப் பாதைகளில் பழுதுகள் ஏற்பட்டன. பழுது நொடிப்பொழுதில் விலக்கப்பட்டது. ஆனாலும் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் காணாமல் போனது. அலைவடிவம் ஒரு கணம் சிதைந்ததைப் பல இன்வெர்ட்டர்கள் ‘அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது’ (அங்கே இயல்பு 60) என்று கணக்கிட்டுத் துண்டித்துக்கொண்டன. உண்மையான அதிர்வெண் அதன் அருகில்கூடப் போகவில்லை. மற்றவை, மின்னழுத்தம் சரிந்ததும் மின்னோட்டம் தருவதைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டன. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்க்க, இரண்டே நிமிடத்தில் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சரிவைத் தாங்க வேண்டாம் என்று காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் அமைப்பு இருந்தது. அதனால் அவை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள, 456 மெகாவாட் போனது. அண்டை மாநில இணைப்பு அறுந்தது. மாநிலமே இருளில் மூழ்கியது. அப்படி ஓர் அமைப்பு இருப்பது தொகுப்பை இயக்கியவர்களுக்கே அதுவரை தெரியாது. காற்றாலையின் மேல் பழி போட்டு எழுதியவர்கள் ஏராளம். மாற்ற வேண்டியிருந்தது ஒரு மென்பொருள் எண். மாற்றினார்கள், சரியானது.

அசையாத கிரிட்டில் ஒற்றைப் பழுதை மட்டும் வைத்துச் சோதிக்கும் எந்த ஆய்வேட்டிலும் இந்த இரண்டு கோளாறுகளும் தென்பட்டிருக்காது.

பலவீனமான கிரிட் இன்னும் சிக்கலானது. வழக்கமான இன்வெர்ட்டர், பிஎல்எல் எனும் ஒத்திசைவுக் கட்டுப்பாடு கொண்டு கிரிட்டின் மின்னழுத்தத்தை அளந்து அதன் பின்னால் நடக்கிறது. இணைப்புப் புள்ளியில் கிரிட்டின் வலிமையை இன்வெர்ட்டரின் திறனோடு ஒப்பிடும் குறுக்குச்சுற்று விகிதம் 3க்குக் கீழே போனால், தான் செலுத்தும் மின்னோட்டமே தான் அளக்கும் மின்னழுத்தத்தை நகர்த்த ஆரம்பிக்கும். தன் நிழலையே வழிகாட்டி என்று நம்பி நடப்பவர் கதைதான். அலைவு தொடங்கும், சில சமயம் வளரும். இதற்கு மாற்றாகப் பேசப்படும் கிரிட்-ஃபார்மிங் முறையில் இன்வெர்ட்டர் தானே மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. நல்ல வழிதான், ஆனால் பழுது நேரத்தில், வழக்கமான மின்நிலையங்களில் சுழலும் ஒத்தியங்கு ஜெனரேட்டர் தன் அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டம் தரும். இன்வெர்ட்டரின் குறைகடத்திகளோ அளவுக்கு மேல் சிறிதளவே தாங்கும். அந்த வரம்பைத் தொட்டபின் அது ஒத்திசைவை இழக்காமல் இருக்குமா? பெரிய பழுது மின்னோட்டத்தை எதிர்பார்த்து அமைத்த ரிலேக்கள், அதாவது பழுதைக் கண்டறியும் பாதுகாப்புக் கருவிகள், என்ன செய்யும்? வெவ்வேறு நிறுவனங்களின் பத்து இன்வெர்ட்டர்கள் ஒரே பஸ்பாரில் (பொது இணைப்புக் கம்பியில்) இருந்தால்? இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பிஎச்.டி.க்குப் போதும்.

ஆய்வகத்தில் வசதி இல்லை என்பீர்கள். நிகழ்நேர சிமுலேட்டர் விலை கூடியது, உண்மை. ஆனால் கன்வெர்ட்டருக்கும் மின்வழங்கலுக்கும் இடையே தொடராக ஓர் இண்டக்டரைச் செருகினால் பலவீனமான கிரிட் தயார். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். உற்பத்தியாளர்கள் கட்டுப்பாட்டு மாதிரிகளைப் பூட்டிவைப்பதுதான் நிஜமான தடை. அதை ஒரு மாணவர் தனியாகத் திறக்க முடியாது. துறைகள் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். நீங்கள் உருவாக்கும் மாதிரிகளையாவது திறந்து வெளியிடுங்கள். அலைவில் போய் முடிந்த சோதனைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொகுப்பில் வேலை செய்பவர்களுக்கு அவைதான் அதிகம் உதவும்.

அடுத்த வாய்மொழித் தேர்வில் செயல்திறன் வளைகோட்டுக்குப் போகுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தக் குறுக்குச்சுற்று விகிதத்தில் உங்கள் கட்டுப்பாட்டு முறை தோற்கிறது?” பதில் இல்லையென்றால் மாணவரை மடக்க வேண்டாம். ஆறு மாதம் கூடுதலாகக் கொடுங்கள், உதவித்தொகையோடு.

இப்படிக்கு,
மின்தொகுப்புப் பாதுகாப்பில் பணிபுரியும் ஒரு பொறியாளர்