செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

அன்புள்ள குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆண்டு முழுக்க முறையாகக் கூடியது. சம்ப் சுத்தம் செய்யப்பட்டது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் நல்லபடியாக நடந்தன.

இந்த ஆண்டு அதிக உழைப்பை வாங்கியது மின்சார கார் சார்ஜிங் வேலைதான். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்பட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வளாகத்துக்கு முதல் மின்சார கார் வந்தபோது, மோட்டார் அறைப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினார்கள். ஒருநாள் விடியற்காலையில் கருகல் வாடை வருகிறதென்று வாட்ச்மேன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பாக்ஸில் ஒரு துளை பழுப்பேறி உருகி, பிளக் பின் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உடனே, வளாகத்தில் சார்ஜிங்கே கூடாதென்று தீர்மானம் போடச் சொன்னார்கள் சிலர். நான் உடன்படவில்லை. வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலிருந்தே காருக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே தெளிவாகச் சொன்னது. நாம் எப்படித் தடுப்பது?

காரோடு தரும் சார்ஜரைச் சாதாரண 15 ஆம்ப் பிளக்கில்தான் சொருகுகிறோம். சுமார் 3 கிலோவாட் இழுக்கும். கீசரும் அதே பிளக்கில்தானே ஓடுகிறது என்று கேட்டார்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ, ஸ்க்ரூ சரியாக முடுக்கப்படாமல் இருந்தாலோ அந்த இடம் சூடேறிக்கொண்டே போகும். பாக்ஸ் உருகியது அப்படித்தான்.

அதனால் கார் வைத்திருப்பவர் அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்குத் தனி லைன் இழுக்க ஏற்பாடு செய்தோம். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், பளு கூடினால் தானே அணைந்துவிடும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., உலோகப் பெட்டியில் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். நம் எர்த் குழி வறண்டு கிடந்ததே அப்படித்தான் தெரியவந்தது. அதைப் புதுப்பித்ததில் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்தே பாதுகாப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற கறை பார்க்கிங் தூண்களில் இன்னும் இருக்கிறது. சாக்கெட் எல்லாம் அந்தக் கறைக்கு நன்றாக மேலே, நெஞ்சு உயரத்தில் வைக்கப்பட்டுள்ளன.

லைன் செலவு கார் உரிமையாளருடையது. பொது மீட்டரில் இதனால் ஒரு யூனிட்கூட ஏறாது. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6, 7 யூனிட் போதும். இரண்டு மாதக் கணக்கில் 400 யூனிட் போலக் கூடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண அடுக்கு ஏறும், அதையும் அவரே ஏற்கிறார். வேண்டாமென்றால் வண்டிக்கென்றே தனி இணைப்பு கேட்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

இவ்வளவையும் நேரில் விளக்கத்தான் சிறப்புப் பொதுக்குழு கூட்டினோம். கோரத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்கூடச் சேரவில்லை. மறுபடி கூட்டியபோதும் பாதி நாற்காலிகள் காலி. வராதவர்கள்தான் அன்றிரவே, 'யாரைக் கேட்டு எர்த் குழி தோண்டினீர்கள்' என்று எழுதினார்கள். மனம் வருந்துகிறது. வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்கும் இந்தக் கட்டடத்தில் பங்கு உண்டு.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு திருப்தி என்று சொல்ல முடியாது. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்போர் பெயரை இங்கே போடவில்லை. அவர்களுக்கே தெரியும். சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு.

செயற்குழு உறுப்பினர்கள், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அப்புறம், வரும் ஆண்டைப் பற்றி. இன்னும் சில கார்கள் வந்து, எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி.யோடு சேர்ந்து ஓடினால் நம் மெயின் கேபிளும் பேனல் போர்டும் தாங்காது. இப்போதைக்கு நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் போடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேபிளை மாற்றியே ஆக வேண்டும். பாக்கி மட்டும் வந்துவிட்டால் யாரிடமும் தனியாக வசூல் கேட்காமல் மழைக்காலத்துக்கு முன் தொடங்கிவிடலாம். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தாலும் வரவேற்பேன், கோப்புகளோடு கூடவே நிற்பேன். கார் வாங்க நினைப்பவர்கள் புக் செய்வதற்கு முன்பே எனக்கோ பொருளாளருக்கோ சொல்லிவிடுங்கள்; மின்பளுவை உயர்த்த விண்ணப்பிக்கவும் லைன் இழுக்கவும் நாள் வேண்டும். அதுவரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாரும் போடக் கூடாது.

இப்படிக்கு,
செயலாளர்