52 நாளுக்கு முந்தின நாலு மாதம்

அன்புள்ள ஜேக்கப்,

ஸ்தோத்திரம். சபையின் சுற்றுச்சுவர் வேலைக்கு உன்னைப் பொறுப்பாளராகப் போட்டதில் மகிழ்ச்சி. "ஜெபம் பண்ணிவிட்டு உடனே தொடங்குகிறோம்" என்று எழுதியிருந்தாயே, அதில்தான் எனக்குத் தயக்கம். பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியா 52 நாளில் எருசலேம் மதிலை முடித்ததைப் பிரசங்கிக்காதவர் இல்லை. வேதத்தில் நெகேமியா புத்தகத்தை எடுத்து, அதற்கு முந்தின நாலு மாதத்தை ஒருமுறை படித்துப் பார்.

எருசலேம் மதில் இடிந்து கிடக்கிற செய்தி, ராஜாவின் அரண்மனை இருந்த சூசானில் அவருக்கு வந்தது கிஸ்லேயு மாதம் (நவம்பர்-டிசம்பர்). ராஜாவிடம் கேட்டது நிசானில் (மார்ச்-ஏப்ரல்). நடுவில் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா அர்தசஷ்டா "உனக்கு என்ன வேண்டும்" என்றதும் பட்டியலே வருகிறது: எத்தனை காலம் விடுப்பு, வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம், வனக் காவலன் ஆசாபிடம் மரத்துக்கு உத்தரவு, அந்த மரம் எதெதற்கு என்பதுவரை.

எருசலேமுக்கு வந்து மூன்று நாள் கழித்து, இரவில், சில பேரோடு மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ராஜாவின் குளத்தருகே ஏறியிருந்த மிருகம் நடக்கவே வழியில்லை. பார்த்து முடிக்கும்வரை ஆசாரியருக்கும் பிரபுக்களுக்கும் மூச்சு விடவில்லை. நீயும் பழைய அஸ்திவாரத்தை நாலு இடத்திலாவது தோண்டிப் பார்க்காமல் கமிட்டியில் மதிப்பீடு வைக்காதே.

மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்கள் என்று தாண்டிவிடுவோம். வேலைப் பங்கீடு முழுக்க அங்கேதான் இருக்கிறது. பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பாகம். தன் வாசலுக்கு நேரே இருப்பதை யார் அரைகுறையாக விடுவார்? தட்டார், தைலக்காரர், தன் குமாரத்திகளோடு சல்லூம் என்று எல்லாரும் இறங்கினார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர்கள் பின்னால் யாரும் அலைந்ததாக எழுதியிருக்கவில்லை. அந்த ஊர் ஜனங்களோ இன்னொரு பங்கையும் சேர்த்துக் கட்டினார்கள்.

பாதி உயரத்தில் சோர்வு வந்தது. எதிராளி சன்பல்லாத்தின் மிரட்டல் ஒரு பக்கம் இருக்க, மண்மேடு தீராமல் சுமைகாரருக்குப் பெலன் குறைந்தது. இடிபாடு அள்ளும் கூலியைத் தனியாக எழுது. கட்டட வேலைகள் பெரும்பாலும் அங்கேதான் இழுக்கும்.

உன் கமிட்டி கட்டாயம் படிக்கவேண்டியது ஐந்தாம் அதிகாரம். பஞ்சத்தில் தானியத்துக்காக வயலை அடகு வைத்தார்கள், ராஜவரி கட்டக் கடன் வாங்கினார்கள், பிள்ளைகள் அடிமையானார்கள். கடன் கொடுத்தவர்களும் சொந்த ஜனமே. நெகேமியா தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான், வட்டியை விடுங்கள், வயலைத் திருப்புங்கள் என்கிறார். வாய்ப்பேச்சை நம்பாமல் ஆசாரியரை அழைத்து ஆணையிடுவிக்கிறார். யூதாவின் அதிபதியாயிருந்தும், அதிபதிக்குரிய படியை 12 வருஷம் தொடவில்லை. நீங்கள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுமுன், எந்த வீடு கடனில் முழுகியிருக்கிறது என்று விசாரி. உன் பங்கை முதலில் கட்டு.

இன்னொன்று. அவர் ராஜாவிடம் போயிருந்த சமயத்தில் ஆலயத்து அறையொன்று எதிராளி தொபியாவுக்கே போய்விட்டது. திரும்பி வந்து சாமான்களை வெளியே எறிந்தபின், பண்டகசாலைக்கு மூன்று பேரையும் துணைக்கு ஒருவரையும் நியமித்தார். உங்கள் சிமெண்ட் அறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வின்