சரவிளக்கில் தாவுபவருக்கு எத்தனை பகடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, விதிநூலில் இல்லாத சண்டை உத்தி எதையேனும் ஆட்டக்காரர் கையாள விரும்பினால் கதையைச் சொல்லி ஆட்டத்தை வழிநடத்தும் நடத்துநர் தம் கற்பனைக்கேற்பத் தீர்ப்பளிக்கலாம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. ஆட்டம் நடத்திப் பழகியவன் என்ற முறையில், சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சரவிளக்கைப் பிடித்து ஊசலாடிச் சென்று எதிரியைத் தணலுக்குள் உதைத்துத் தள்ளுவதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாவுவதற்கு ஒன்று, பிடி நழுவாமலிருக்க ஒன்று, உதைக்கு ஒன்று என மூன்று முறை பகடை உருட்டச் சொல்வது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்காக 5 சேர்த்து 15 எட்ட வேண்டுமெனில் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு; அதையே மூன்று முறை தொடர்ந்து எட்ட வேண்டுமெனில் 17 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே வாளை வீசுபவருக்கோ ஒரே பகடைதான். இந்தக் கணக்கு புரிந்த பிறகு எவரும் சரவிளக்கை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்றதான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின், 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் நடத்துநர் கையேடு, 42-ஆம் பக்கத்தில் ஏறத்தாழ இதே காட்சியை எடுத்துக்கொண்டு, இத்தகைய தருணங்களில் பகடையில் எட்ட வேண்டிய இலக்கெண்களையும் எதிரிக்கு விளையும் சேத அளவுகளையும் அட்டவணையாகத் தந்தது. அருமையான பக்கம், அதிலும் இரண்டு முறை உருட்ட வேண்டியிருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை உருட்டினால் போதும். தவறினால் எதிரியின் காலடியில் விழுந்து கிடக்க நேரும் என்பதை, பகடை கையை விட்டுப் போகுமுன்பே சொல்லிவிட வேண்டும். உத்தி சூழலோடு நன்றாகப் பொருந்தினால், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் முறைப்படி இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளச் செய்யலாம். அப்போது அந்த 55 விழுக்காடு ஏறத்தாழ 80 ஆகிவிடும்.

தாராளம் எல்லை மீறினாலும் ஆட்டம் கெடும். கண்ணைக் குறிவைத்து வெட்டுவதாக ஒருவர் சொல்லி, சாதாரண வெற்றிக்கே எதிரி குருடாகிவிடுவான் என்று நடத்துநர் தீர்ப்பளித்தால், அன்று முதல் எல்லா வாள்களும் கண்ணை நோக்கியே நீளும். சேதத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு சுற்றுக்கு மட்டும் பார்வை மறைக்கப்படும் என்று விலை வைப்பதே முறை. அதற்கும் முணுமுணுப்பவரிடம், எதிரிகளும் இனி உங்கள் கண்ணையே குறிவைக்கலாமா என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் அவர் பழையபடி தோளையே வெட்டச் சம்மதித்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்