ஆண்டறிக்கை 2024–2025

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயல்பாடுகளைத் தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் குழந்தைகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். கண் பரிசோதனை முகாம் நடத்தப்பட்டது. மழைநீர் வடிகால் தூர்வாரும் பணி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே முடிக்கப்பட்டது. குறுக்குத் தெருக்களில் எரியாமலிருந்த விளக்குகள் மாற்றப்பட்டன.

இவ்வாண்டின் முக்கியப் பணி, நமது தொகுதியின் மக்களவை உறுப்பினர் அரசிடம் எழுப்புவதற்கான கேள்விகளை நாமே வரைந்து கொடுத்ததாகும். சாக்கடையையும் தெருவிளக்கையும் பார்க்க வேண்டிய சங்கத்துக்கு நாடாளுமன்றம் எதற்கு என்று சில உறுப்பினர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். அவர்களில் எவரும் மாதக் கூட்டங்களுக்கு வராததால், அதற்கான விடையை இந்த அறிக்கையில் விரிவாகத் தர வேண்டியிருக்கிறது.

நம் மக்களவை உறுப்பினரைச் சந்தித்து மனு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. மனுவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். அத்துடன் அது முடிந்துவிடும். கேள்வி அப்படியன்று. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புடன் முறைப்படி கொடுக்கப்பட்டு ஏற்கப்பட்ட கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் நிலைத்துவிடும். நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளே அவையில் வாய்மொழிப் பதிலுக்கு எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு மட்டுமே துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அமைச்சர் ஒன்றைச் செய்வதாக அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும் என்பதும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழு ஒன்று உண்டு என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

மக்களவை உறுப்பினரின் அலுவலகத்தில் முதலில் சொல்லப்பட்டது, பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும் என்பதாகும். ஒரு திட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், திட்டத்தின் பெயரும் நோக்கமும் ஒதுக்கீடும் பதிலாக வரும். எந்த மாவட்டத்தில், எத்தனை பேருக்கு, எந்தத் தவணை, எத்தனை நாள் தாமதமாகச் சென்றது என்று கேட்டால்தான் ஏதாவது ஒன்றைக் கையில் பிடிக்க முடியும். இந்த அறிவுரையை ஏற்று மூன்று பொருள்களில் வரைவுகளைத் தயாரித்தோம்.

முதலாவது மறுசுழற்சி. வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள் என்று நம்மைக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். பழைய செய்தித்தாளையும் பால் கவரையும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு ஆகியவற்றின் பளபளக்கும் பல அடுக்கு உறைகளை எவரும் வாங்குவதில்லை. 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. 2023–24ஆம் ஆண்டிலிருந்து அது நூறு விழுக்காடு. இப்பொறுப்பு, மறுசுழற்சி செய்பவர்களிடமிருந்து நிறுவனங்கள் விலைக்கு வாங்கும் சான்றிதழ்கள் வழியே கணக்கிடப்படுகிறது. அச்சான்றிதழ்களில் ஏறத்தாழ 6 லட்சம் போலியானவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் கண்டறிந்தது. நம் கேள்வி இதுதான்: நிறுவனங்கள் சான்றிதழுக்காகக் கொடுக்கும் பணத்தில், அந்த உறைகளை உண்மையில் திரட்டுகிற நகராட்சிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் எவ்வளவு சென்றது?

இரண்டாவது எரிசக்தி. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக் கூரையில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு அமைக்க 78,000 ரூபாய் மானியம் என்பது பரவலாக விளம்பரமாகியிருக்கிறது. குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பதோ அவ்வளவாகத் தெரிய வரவில்லை. நம் சங்கக் கட்டடத்துக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் எத்தனை சங்கங்கள் விண்ணப்பித்தன, எத்தனை பெற்றன என்று கேட்டோம். குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது பற்றியும் இதில் சேர்த்தோம். அப்போது நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பத்திறன் கொண்ட கழிவையே எரிசக்திக்குப் பயன்படுத்தச் சொல்லின. சமையலறை ஈரக்கழிவு கலந்த நம் ஊர்க் குப்பை அந்த அளவை எட்டுமா என்பது நியாயமான கேள்வி. கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி எதிர்த்து வருவதை அறிவீர்கள்; நம் ஊருக்கு அப்படியொரு திட்டம் வந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.

மூன்றாவது மகப்பேறு உதவி. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. எனக்கு இதுவே மற்ற இரண்டையும்விட முக்கியமானது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தந்த 26 வார ஊதிய விடுப்பு, தொழிற்சாலைகளுக்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமே பொருந்தியது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு இருப்பது உதவித்தொகை மட்டுமே. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியை உரிமையாக்கியது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே 6,000 ரூபாய். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துடன் இணைத்து, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாய் மதிப்பில் இவ்வுதவி வழங்கப்படுகிறது. தொகையில் நம் மாநிலம் முன்னிற்கிறது. 2018–20ஆம் ஆண்டுகளில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு நாட்டின் பேறுகால இறப்பு 97 ஆக இருந்தபோது இங்கே 54 ஆக இருந்ததும் பெருமைக்குரியதே. ஆனால் கர்ப்ப காலத்தில் பழமும் பாலும் வாங்குவதற்கான தவணை, குழந்தை தவழத் தொடங்கிய பிறகு வங்கிக் கணக்கில் ஏறினால் அதன் பயன் என்ன? நம் தெருக்களில் வேலை செய்யும் பெண்களிடம் விசாரித்தபோது இதையே திரும்பத் திரும்பக் கேட்டோம். ஆகவே, மத்திய அரசின் பங்கு எத்தனை நாள் இடைவெளியில் மாநிலத்தை வந்தடைகிறது, ஆதார், வங்கிக் கணக்கு முரண்பாடுகளால் எத்தனை விண்ணப்பங்கள் நிற்கின்றன என்று மாவட்டவாரியாகக் கேட்டோம்.

விளைவைச் சொல்கிறேன். நம் வரைவுகளில் எதுவும் நட்சத்திரக் கேள்விக்கான குலுக்கலில் வரவில்லை. மறுசுழற்சி, மகப்பேறு ஆகிய இரண்டும் எழுத்துக் கேள்விகளாக ஏற்கப்பட்டன. எரிசக்தி வரைவில் நகராட்சிக் குப்பை பற்றிய பகுதி மாநிலப் பொருள் என்பதால் மக்களவையில் கேட்க இயலாது என்று தெரிவிக்கப்பட்டது. அதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்திருக்கிறோம். மகப்பேறு பற்றிய பதிலில் திட்டத்தின் விதிகள் முழுமையாக இருந்தன; நாம் கேட்ட மாவட்டக் கணக்கு இல்லை. இதைத் தோல்வி என்று சிலர் கருதலாம். கேட்ட கணக்கு தரப்படவில்லை என்பது இப்போது அச்சில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டியே அடுத்த கேள்வியைத் தொடுக்க முடியும்.

இந்தப் பணிக்கு அமைக்கப்பட்ட துணைக்குழுவில் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் முதல் கூட்டத்துக்குப் பின் வரவில்லை. வீடு வீடாக விசாரித்தது நம் மகளிர் உறுப்பினர்கள் சிலர் மட்டுமே. அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. மாதக் கூட்டங்கள் சில போதிய வருகையின்றித் தள்ளிவைக்கப்பட்டதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு பொருளாளரால் பராமரிக்கப்பட்டுத் தணிக்கை செய்யப்பட்டுள்ளது. செலவு பொதுவாக வரவுக்குள் அடங்கியது. சிறு பற்றாக்குறை முந்தைய இருப்பிலிருந்து ஈடு செய்யப்பட்டது. கேள்விப் பணிக்கு நகல் எடுத்த செலவும் தபால் செலவும் தவிர வேறெதுவும் ஆகவில்லை. பற்றாக்குறைக்குக் காரணம் சந்தா நிலுவை. சொந்த வீடும் காரும் உள்ளவர்களின் பெயர்களே அந்தப் பட்டியலில் மிகுதியாக இருப்பது வருந்தத்தக்கது. பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை இவ்வாண்டும் தவிர்த்திருக்கிறோம்.

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், தூய்மைப் பணியாளர்கள், அரங்கம் தந்து உதவிய பள்ளி நிர்வாகம், மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரின் அலுவலகத்தினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சங்கக் கட்டடத்தின் மேல் சூரியத் தகடு அமைக்க விண்ணப்பிக்கலாம். மானியம் போக மீதித் தொகையை நாம்தான் போட வேண்டும். நிலுவை வந்து சேர்ந்தால் தனி வசூல் தேவைப்படாது. மகப்பேறு உதவி பற்றிய அடுத்த வரைவு குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன் தயாராக வேண்டும். அதற்கு வங்கி, சுகாதாரத் துறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் இருவர் மூவராவது வேண்டும். இந்நகரில் அத்தகையோர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். செயலாளர் பொறுப்பை மேலும் ஓராண்டு ஏற்பது பற்றி அவர்களின் பதிலை அறிந்த பின் முடிவு செய்ய விரும்புகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்